யவனர் ஜாடியின் கைப்பிடி

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த மது ஜாடிகளில் என் கண் முதலில் போவது கைப்பிடிக்குத்தான். அது ஒற்றைத் தண்டாக இருக்காது. கையால் உருட்டிய இரண்டு களிமண் தண்டுகள், நடுவில் ஒரு மெல்லிய பள்ளம் ஓட, இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்ததுபோல் ஒட்டி நிற்கும். கழுத்தின் மேற்பகுதியில் கிளம்பி, கொஞ்ச தூரம் கிடையாகப் போய், சட்டென்று மடங்கி, நேர் கீழாக இறங்கித் தோளில் வந்து உட்காரும். வளைவு என்று சொல்ல முடியாத, கூர்மையான மடிப்பு. பச்சை மண்ணை அந்தக் கோணத்தில் மடக்கினால் வெளிப்புறம் வெடிக்கும். வெடிக்காமல் மடக்கியிருக்கிறான் குயவன். ஒரு ஜாடிக்கு இரண்டு முறை, ஒரு நாளைக்கு எத்தனையோ ஜாடிக்கு.

ஏன் இரட்டைத் தண்டு? எனக்குத் தோன்றும் காரணம் இது. தடித்த ஒற்றைத் தண்டு வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். சூளையில் அந்த ஈரம் ஆவியாகிப் பிளக்கும். மெல்லிய தண்டு இரண்டை ஒட்டினால் கனமும் கிடைக்கும், சீராகவும் காயும். கயிறு கட்டித் தூக்கும்போது அந்த நடுப்பள்ளம் கயிற்றுக்கு ஒரு பிடிமானம். அழகுக்காகச் செய்ததுபோல் தெரிவது வேலைக்காகச் செய்தது. ஆனாலும் அழகாக இருக்கிறது.

அரிக்கமேடு உலகத்துக்குத் தெரியவந்த கதையிலும் ஒரு கைப்பிடி உண்டு. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தபோது அங்கிருந்த ஓர் அலமாரியில் கைவிட்டார். கையில் பட்டது மத்தியதரைக் கடல் நாட்டு ஜாடி ஒன்றின் கழுத்தும் கைப்பிடியும். எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேயும் மற்றவர்களும் சேர்த்து வைத்திருந்த ஓட்டுச் சில்லுகளை அங்கே பார்த்தார். அடுத்த ஆண்டே, 1945-இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த மண்ணில் அகழாய்வு தொடங்கிவிட்டார். கல்வெட்டோ காசோ அவரை அழைத்துவரவில்லை. மது ஜாடியின் ஒரு துண்டு அழைத்துவந்தது.

எங்கள் பண்ருட்டியிலிருந்து கடலூர் போய்ப் புதுச்சேரிச் சாலையில் அரியாங்குப்பத்தில் இறங்கினால் அரிக்கமேடு பக்கம்தான். ஆற்றங்கரை, மரநிழல், பழைய பிரெஞ்சு மிஷன் கட்டிடத்தின் செங்கல் சுவர். பார்க்க அங்கே அதிகம் இல்லை. பார்க்க வேண்டியது புதுச்சேரி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பண்ருட்டிக்காரர்கள் அதைப் பார்க்கும் விதமே தனியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பலாவும் முந்திரியும் போலவே கொலு பொம்மையும் எங்கள் ஊரின் பெயரைச் சொல்லும் சரக்கு. பொம்மை செய்கிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒட்டு என்றால் என்னவென்று தெரியும். உடம்பும் கையும் ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும்; நீர்த்த சேற்றைத் தடவி அழுத்த வேண்டும்; அழுத்தம் குறைந்தால் காயும்போதே விட்டுப்போகும். யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், செய்த ஜாடி சிலவற்றில் கைப்பிடி தோளில் சேரும் இடத்தில் பெருவிரல் அழுத்திய குழி அப்படியே இருக்கிறது. அந்தக் குழியைப் பார்த்தவுடன் அது எதற்கென்று எங்கள் ஊரில் விளக்கவேண்டியதில்லை.

இனி முழு ஜாடி. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். நீண்ட கழுத்து, அதன் அடியில் முறித்ததுபோல் ஒரு தோள், பிறகு மெல்ல ஒடுங்கிக்கொண்டே போகும் உடல், அடியில் ஒரு கெட்டியான முளை. தரையில் நிற்காத பாத்திரத்தை ஒருவன் ஏன் செய்கிறான் என்று முதலில் திகைப்பாக இருக்கும். வீட்டுத் தரைக்காக அது செய்யப்படவில்லை. கப்பலின் அடித்தட்டில், கீழ் வரிசை ஜாடிகளின் தோள்களுக்கு இடையே மேல் வரிசையின் முளைகள் இறங்கும். கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் அடுக்கு ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். இறக்கும்போது ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை முளையில்: முளை மூன்றாவது கைப்பிடி. ஊற்றும்போதும் அப்படியே. உள்ளே பிடிப்பது சுமார் 25 லிட்டர். வாயில் தக்கையோ ஓட்டு வில்லையோ வைத்து, மேலே சாந்து பூசி அடைப்பார்கள். செங்கடல் துறைமுகங்களான பெரனிகேயிலும் மயோஸ் ஹொர்மோஸிலும் இப்படிப்பட்ட மூடிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கழுத்தில் மையால் மதுவின் பெயரையும், அந்த ஆண்டு ரோமில் பதவியில் இருந்த கான்சல்களின் பெயரையும் எழுதும் வழக்கமும் இருந்தது. எந்த ஆண்டுப் பிழிவு என்பதற்கு அதுதான் அடையாளம்.

உடைந்த ஓரத்தில் உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பவர்களுக்கு அடுத்த விருந்து. இத்தாலியின் காம்பானியா பகுதியில் வனைந்த ஜாடிகளின் மண்ணில் கறுப்புப் பொடிகள் மினுங்கும். வெசூவியஸ் எரிமலை கக்கிய கறுப்பு மணல் அது. கி.பி. 79-இல் பொம்பேயியைப் புதைத்த அதே மலை. அந்த மலைச்சரிவில்தான் பெயர்பெற்ற திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. அந்த மண்ணில் விளைந்த பழத்தின் சாறு அந்த மண்ணிலேயே செய்த ஜாடியில் ஏறியது. நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று, மேலே செம்மண், அதன் கீழே சாம்பல் களிமண், அடியில் கறுத்த பழுப்பு நிலக்கரி என்று மண் நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பிடி மண் தன் ஊரைச் சொல்லிவிடும் என்பது வியப்பாக இருக்காது. சில்லின் ஓரத்தில் மினுங்கும் கறுப்புப் பொடி, ஆய்வகம் ஏதும் இல்லாமலே, நேப்பிள்ஸ் வளைகுடாவைக் காட்டிக்கொடுக்கிறது.

இரட்டைத் தண்டுக் கைப்பிடி காம்பானியாவில் பிறந்ததில்லை. அது ஈஜியன் கடலில் உள்ள கோஸ் என்ற கிரேக்கத் தீவின் வடிவம். கோஸ் மதுவுக்கு அவ்வளவு கிராக்கி இருந்ததால் இத்தாலியக் குயவர்கள் ஜாடியையும், மது செய்கிறவர்கள் மதுவையும் அந்தத் தீவின் பாணியிலேயே செய்தார்கள். அரிக்கமேட்டு ஜாடிச் சில்லுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், மது ஜாடிகளில் பெரும்பகுதி இந்தக் கோஸ் வகையே என்று கண்டார். தொல்லியலாளர் விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி தோண்டியபோது கிடைத்தவையும் வில்லின் கைக்குத்தான் போயின. ஒரு கைப்பிடியைப் பார்த்து அசல் கோஸா, போலியா, எந்தக் கடற்கரை, எந்த நூற்றாண்டு என்று பிரித்துச் சொல்லும் கண் அவருடையது. போலி என்று நான் சொன்னதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வடிவம் நன்றாக இருந்தால் உலகம் அதைப் பார்த்துச் செய்கிறது.

அந்தக் கோஸ் மதுவின் தனிக்குணம் உப்பு. அதில் கடல்நீர் சேர்ப்பார்கள். இந்த வழக்கம் தொடங்கியதற்கு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி ஒரு காரணம் சொல்கிறார். ஓர் அடிமை, கொடுக்கவேண்டிய அளவு குறைந்துவிட்டதால், கடல்நீரை ஊற்றி நிரப்பினானாம். குடித்தவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. கதை உண்மையோ இல்லையோ, முறை உண்மை. அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்னரே இன்னொரு ரோமானியரான கேட்டோ தன் வேளாண்மை நூலில் கோஸ் மது செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறார். அதன் நுணுக்கம் எனக்கு ஒரு கவிதைபோல் படுகிறது. திராட்சை பறிக்க 70 நாள் இருக்கும்போதே கடல்நீர் எடுத்துவிட வேண்டும். கரையோரத்தில் மொள்ளக்கூடாது, நன்னீர் வந்து கலக்காத ஆழ்கடலில் எடுக்க வேண்டும். அதுவும் காற்றில்லாத, கடல் அடங்கியிருக்கும் நாளில். மூச்சுவிட இடம்விட்டு மூடிவைத்து, 30 நாள் கழித்துக் கசடு கலங்காமல் இன்னொரு கலத்துக்கு மாற்ற வேண்டும். இன்னும் 20 நாள் கழித்து மறுபடியும் மாற்ற வேண்டும். பழத்தையோ கொடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்டு, பறித்தபின் வெயிலில் காயவைக்க வேண்டும்.

கடல் அடங்கிய நாளுக்காகக் காத்திருந்து மொண்ட நீர். கலங்கிய நீரையும் தெளிந்த நீரையும் உப்பு அளவு ஒன்றாகவே காட்டலாம். கேட்டோவின் நாக்கு ஒன்றாகக் காட்டவில்லை. இந்த மது கெடாமல் இத்தனை கடல் தாண்டி வந்ததில் அந்த உப்புக்குப் பங்குண்டு. கடல் கடக்கப்போகும் பானத்துக்குள் கடலையே முதலில் ஒரு மிடறு ஊற்றிவிடுகிறார்கள்.

ஜாடியின் உட்புறமும் பானத்தோடு பேசும். சுட்ட மண் கசியும் என்பதால் பைன் மரப் பிசினைக் காய்ச்சி எடுத்த கீலை உள்ளே பூசுவார்கள். ஆகவே திராட்சையின் வாசனையோடு மரப்பிசினின் வாசனையும் மதுவில் இறங்கும். இன்றும் கிரேக்கர்கள் பைன் பிசின் வாசம் வீசும் ரெத்சினா என்ற மதுவை விரும்பிக் குடிக்கிறார்கள். காப்பதற்காகப் பூசியது சுவையாகவே நிலைத்துவிட்டது.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியத் துறையிலிருந்து அலெக்சாந்திரியா, அங்கிருந்து நைல் நதியில் எதிரேறிக் கோப்தோஸ், பிறகு பாலைவனம். கோப்தோஸிலிருந்து பெரனிகே துறைக்கு 12 நாள் நடை. வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில் நடந்து பகலில் தங்குவார்கள் என்று பிளினி எழுதுகிறார். நிகானோர் என்பவரின் குடும்பம் அந்தப் பாதையில் ஒட்டகத்தில் சரக்கு ஏற்றி அனுப்பியதற்கான ரசீதுகள் ஓட்டுச் சில்லுகளில் எழுதிய நிலையில் கிடைத்துள்ளன; அவற்றில் மதுவும் உண்டு. ஜூலையில் கப்பல் ஏறி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு மேற்குக் கரைக்கு வருவார்கள். கிழக்குக் கரையில் சரக்கு நம் நாட்டுக் கப்பல்களிலும் மாறி வந்திருக்கும். எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் குறிப்பிடும் பொதுகே என்ற துறை இந்த அரிக்கமேட்டுப் பகுதிதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அதே நூல் பரிகசா என்ற குஜராத்தின் பரூச் துறையில் எந்த மதுவுக்கு மதிப்பு என்றும் சொல்கிறது: இத்தாலிய மது முதலில், அடுத்து லவோதிக்கேயாவினுடையதும் அரேபியாவினுடையதும். வாங்குகிறவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

அந்தத் தேர்ந்த நாக்கைக் கண்முன் நிறுத்துவது புறநானூற்றின் 56-ஆம் பாட்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது; பாட்டுடைத் தலைவன் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். அரிக்கமேட்டு ஜாடிதான் மதுரைக்குப் போனது என்று நான் சொல்லவரவில்லை. பாண்டிய நாட்டுக்குத் துறைகள் வேறு. ஆனால் காலம் ஏறத்தாழ ஒன்று, கொண்டுவந்தவர்கள் யவனர்கள்.

பாட்டு பெரிய அடுக்கில் தொடங்குகிறது. ஏற்றுக்கொடிச் சடையோன், சங்கு நிறத்துப் பனைக்கொடியோன், நீல மேனி மாயோன், மயிற்கொடிச் சேய் என்று நான்கு தெய்வங்களை நிறுத்தி, சினத்தில் ஒருவன், வலிமையில் ஒருவன், புகழில் ஒருவன், நினைத்ததை முடிப்பதில் ஒருவன் என்று மன்னனை அவர்களோடு ஒப்பிட்டுக்கொண்டே போகிறார். இதைப் படிக்கும்போது அடுத்து போர்க்களம் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது மது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலை, வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க, நாளும் மகிழ்ந்து இனிதே இருப்பாயாக என்கிறார். நான்கு தெய்வங்களின் உயரத்திலிருந்து ஒரு கிண்ணத்தின் விளிம்புக்கு இறங்கிவந்துவிடுகிறது பாட்டு. அந்த இறக்கம் எனக்குச் சறுக்கலாகத் தெரியவில்லை. இவன் தெய்வத்துக்கு ஒப்பானவன், ஆனாலும் மாலையில் தாகம் எடுக்கும் மனிதன் என்று புலவர் அருகில் வந்து சொல்வதுபோல் இருக்கிறது.

அந்தச் சில அடிகளுக்குள் மூன்று கலங்கள் வருகின்றன. இரவலருக்குக் குறையாமல் அள்ளிக்கொடுக்கும் அரிய அணிகலங்கள் முதலில். யவனரின் நல்ல கலம் அடுத்து. அதை ஜாடி என்றும் கொள்ளலாம், கப்பல் என்றும் கொள்ளலாம், எனக்கு இரண்டும் சம்மதம். கடைசியாகப் பொன்னால் செய்த குடிகலம். வரிசையைக் கவனியுங்கள். கொடுத்தல் முன்னால் வருகிறது, குடித்தல் பின்னால் வருகிறது. வெளிநாட்டு மதுவை வாழ்த்தாகச் சொல்லப்போகிற புலவர், முதலில் வாசலில் நிற்பவர்களின் கையை நிரப்பிவிட்டுத்தான் மன்னனின் கிண்ணத்தை நிரப்புகிறார்.

மதுவைப் புகழ அவர் எடுத்துக்கொண்ட குணங்கள் இரண்டுதான்: குளிர்ச்சி, மணம். இனிப்பு என்றோ, புளிப்பு என்றோ, மயக்கம் தருவது என்றோ சொல்லவில்லை. மணம் எனக்குப் புரிகிறது. பிசின் பூசிய ஜாடி பல மாதம் அடைபட்டுக் கிடந்து திறக்கும்போது அறையே மணத்திருக்கும். குளிர்ச்சிதான் யோசிக்க வைக்கிறது. கசியும் மண்பானை நீரைக் குளிர்விக்கும், ஏனென்றால் அதன் புறத்தில் ஈரம் ஆவியாகும். யவனர் ஜாடி கீல் பூசியது, கசியாது, ஆகவே தானாகக் குளிராது. செங்கடலின் கோடையையும் கப்பலின் அடித்தட்டுப் புழுக்கத்தையும் தாண்டி வந்த மது அது. மதுரையில் அதைக் குளிரவைத்தது யாரோ ஒருவருடைய கை. ஈரமணலில் புதைத்து வைத்தாரோ, நம் மண்பானைக்கு மாற்றினாரோ, குளிர்ந்த நீரைக் கலந்தாரோ. இது என் ஊகம்தான். ஆனால் ஒருவர் அந்த வேலையைச் செய்யாமல் நக்கீரருக்கு அந்தச் சொல் கிடைத்திருக்காது என்று நம்புகிறேன்.

இருளை அகற்றும் கதிரவனைப்போலவும், மேற்குத் திசையில் தோன்றும் குளிர்ந்த கதிர்த் திங்களைப்போலவும் நிலைபெறுவாயாக என்று பாட்டு முடிகிறது. கிண்ணத்தில் தொட்ட குளிர்ச்சியையே வானத்திலும் கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்தத் திங்கள் மேற்கே தோன்றுகிறது. மதுவும் மேற்கிலிருந்தே வந்தது. புலவர் இதை எண்ணித்தான் வைத்தாரா என்று வாதாட நான் வரவில்லை. படிக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன, அந்தத் தொடுகையை விட எனக்கு மனமில்லை.

அரிக்கமேட்டில் இதையெல்லாம் குடித்தது யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த ஜாடிகளும் அங்கே உண்டு. அவை யவனர் சமையலின் அடையாளம் என்பதால் அவர்கள் சிலர் அங்கேயே தங்கியிருக்கலாம். மது மட்டும் ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கும் போயிருக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழகத்தில் யவனர் ஜாடி என்று முன்பு பதிவான எல்லாமே ரோமானியச் சரக்கு இல்லை. உட்புறம் கறுப்பாக நிலக்கீல் பூசிய, கைப்பிடியே இல்லாத நீள ஜாடிகள் மெசபொத்தேமியா, பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வந்தவை என்று ரொபெர்த்தா டாம்பர் போன்ற ஆய்வாளர்கள் பின்னாளில் பிரித்துக் காட்டினார்கள். மத்தியதரைக் கடல் ஜாடிகளின் வரத்து குறைந்த பிறகும் இவை வந்திருக்கின்றன. இங்கேயும் பிரித்துச் சொல்ல உதவியது பூச்சும் கைப்பிடியும்தான். பண்ருட்டிக்கு இன்னும் அருகில், கடலூரை ஒட்டிய காரைக்காட்டிலும் அரிக்கமேட்டுக் காலத்துப் பானை வகைகள் கிடைத்துள்ளன. இந்தக் கரை நெடுக யவனச் சரக்கைத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

கலம் ஒருவழியாக மட்டும் போகவில்லை. செங்கடல் கரையில் உள்ள குசேர் அல்-கதிமில், அதாவது பழைய மயோஸ் ஹொர்மோஸில், கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் இரண்டு இடத்தில் ஒரே வாசகம் இருந்தது. பானை உறி என்ற பொருளில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்தார். உறியில் தொங்கவிடும் பானை! யவனர் கைப்பிடியும் முளையும் வைத்துத் தீர்த்துக்கொண்ட சிக்கலை நம்மவர்கள் கயிற்றால் தீர்த்துக்கொண்டார்கள். ஆடும் கப்பலில் தொங்கும் பானை ஆட்டத்தோடு ஆடும், மோதாது.

இன்று எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் புதுச்சேரி வழியாகப் பாரிசில் உறவு உண்டு. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் உண்டு. ஊர் திரும்பும்போது அவர்கள் கொண்டுவரும் ஒயின் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது சுற்றியிருக்கும் துணியை. துண்டில் சுற்றி, அதன்மேல் லுங்கியைச் சுற்றி, பெட்டியின் நடுவில், நாலு பக்கமும் மெத்தென்ற துணி அணைக்க வைத்திருப்பார்கள். தீர்வை இல்லாமல் ஒருவர் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். அதாவது வழக்கமான 750 மில்லி பாட்டில் இரண்டும் கொஞ்சமும். யவனர் ஜாடி ஒன்றுக்குள் அப்படிப்பட்ட 33 பாட்டில் அடங்கும். அளவு சுருங்கினாலும் அக்கறை சுருங்கவில்லை. அந்தச் சுற்றிய துணியை அவிழ்க்கும் விரல்களின் நிதானத்தை வேறு எந்தப் பரிசுப் பொருளுக்கும் நான் பார்த்ததில்லை.

கொண்டுவருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னையில் இறங்கியதும் பெட்டியைக் காரின் டிக்கியில் போட்டு, மே மாத வெயிலில் திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் பண்ருட்டி வரை வேகவைக்காதீர்கள். உங்கள் பாட்டிலில் உப்பும் இல்லை, பிசினும் இல்லை. சூடு அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். உங்களோடு இருக்கைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இருட்டான மூலையில் சில நாள் அசையாமல் விடுங்கள். திறக்கும் நாளில் குளிரவைத்துவிட்டு, முதலில் முகர்ந்து பாருங்கள்.